மலையேறி வந்த நகரத்துப் புகை

பயிர் மஞ்சளடித்தால் நாம் என்ன செய்வோம்? மண்ணைப் பார்ப்போம், தண்ணீரைப் பார்ப்போம், இலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்போம். காற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான் ஒரு காடு வீணாகப் போயிற்று.

கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குக் கிழக்கே, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, சான் பெர்னார்டினோ மலை இருக்கிறது. அங்கே பாண்டரோசா பைன் என்கிற ஊசியிலை மரம் ஏராளம். 1950-களில் அதன் இலைகள் புள்ளி புள்ளியாக மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. நல்ல மரத்தில் மூன்று நான்கு வருஷத்து இலை சேர்ந்து நிற்கும். இவற்றிலோ அந்த வருஷத்து இலை மட்டும் கிளை நுனியில் குஞ்சம் மாதிரி நின்றது. காரணம் பிடிபடவில்லை, ‘எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கக் காசா, பணமா!

இதற்கிடையே நகரத்தில் கண்ணைக் கரிக்கும் புகைமூட்டத்தை ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன அறிஞர் ஆராய்ந்தார். அதற்கு முன் அன்னாசிப் பழ வாசனையை ஆராய்ந்தவர் அவர்! மோட்டார் வண்டிப் புகையும் எண்ணெய் ஆவியும் வெயிலில் சேர்ந்து ஓசோன் வாயு உண்டாகிறது என்று கண்டார். வானத்தில் வெகு உயரத்தில் நம்மைக் காக்கிற அதே ஓசோன்தான், தரைமட்டத்தில் நஞ்சு. 1958-ல் திராட்சை இலையில் விழுந்த புள்ளிக்கும் அதுவே காரணம் என்று தெரிந்தது. 1963-ல் பால் மில்லரும் கூட்டாளிகளும் பைன் மரத்துக்கு ஓசோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே மஞ்சள் வந்தது.

இலையில் மூச்சுத்துளைகள் உண்டல்லவா? அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. இலை சமைக்கிற சாப்பாடு குறையும், மரம் நோஞ்சானாகும். பிறகு பட்டை துளைக்கும் வண்டு வரும். பழி வண்டு தலையில் விழும்.

எந்தக் காட்டுக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்கிடுவது எப்படி? 1990-களில் ஐரோப்பாவில் ஒரு கணக்குப் போட்டார்கள். நூறு கோடிப் பங்கு காற்றில் 40 பங்குக்கு மேல் ஓசோன் போனால், அந்த மிச்சத்தைப் பகல் முழுக்க மணிக்கு மணி கூட்டிக்கொண்டே வருவது. கணக்கு சுலபம்; ஆனால் ஓட்டை இருந்தது. கடும் வெயிலில் ஓசோன் ஏறும். அப்போது ஈரமில்லாவிட்டால் மரம் மூச்சுத்துளையை மூடிக்கொள்ளும். நஞ்சு வெளியிலேயே நிற்கும். ஈரமுள்ள காலத்தில் ஓசோன் நடுத்தரமாக இருந்தாலும் மரம் உள்ளே இழுத்துவிடும். பெய்த மழை எவ்வளவு என்பது வேறு, வேருக்கு இறங்கியது எவ்வளவு என்பது வேறு, இல்லீங்களா? ஆகவே பிற்பாடு இலைக்குள் போன ஓசோனையே கணக்கிடும் முறைக்கு வந்தார்கள். இதற்கு மண் ஈரம், வெப்பம், மர ஜாதி எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

கலிபோர்னியாவில் 1960-களிலிருந்து வண்டிப் புகைக்குக் கட்டுப்பாடு வந்து, ஓசோனும் வரவரக் குறைந்தது. ஆனால் செத்த பைன் மரங்களின் இடத்தை, ஓசோனைத் தாங்கக்கூடிய வேறு ஜாதி மரங்கள் பல இடங்களில் பிடித்துக்கொண்டுவிட்டன.