விளம்பர உரைநடையும் நிறுத்தக்குறிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் எழுத்து வரலாற்றில் நிறுத்தக்குறிகள் பிற்காலத்தே புகுந்தவையாகும். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குரிய புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. அச்சுக்கலை பரவியதன் பயனாகவே ஐரோப்பிய மொழிகளின் குறிகள் தமிழை வந்தடைந்தன. 19ஆம் நூற்றாண்டில் அவற்றைத் தமது உரைநடையில் முறையாகக் கையாண்டு நிலைபெறச் செய்தவர்களுள் ஆறுமுக நாவலர் (1822-1879) தலையாயவர். அவர் கையில் அவை பொருட்டெளிவுக்குரிய கருவிகளாயின.

அதே குறிகள் வணிகர் கையில் அடைந்த நிலை வேறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்கப் பத்திரிகைகளில் மருந்து விற்போர் வெளியிட்ட விளம்பரங்கள் பெரிய எழுத்துக்களாலும் வியப்புக்குறிகளாலும் நிறைந்திருந்தன. சந்தையிற் கூவி விற்பவனின் குரலே அச்சேறிற்று எனலாம். ஒருவர் கூவினால் மற்றவர் அதனினும் உரக்கக் கூவ வேண்டியவராகிறார். ஈற்றில் எவர் குரலும் கேட்பதில்லை.

இப்போக்கிற்கு மாறாக எழுந்தவற்றுள் 1959இல் நியூயோர்க்கின் டொயில் டேன் பேர்ண்பாக் நிறுவனம் வொல்க்ஸ்வாகன் காருக்கென ஆக்கிய விளம்பரம் குறிப்பிடத்தக்கது. அதன் வாசகத்தை ஜூலியன் கேனிக்கும் வடிவமைப்பை ஹெல்முற் குறோனும் ஆக்கினர். பெருங்கார்களை அமெரிக்கர் விரும்பிய காலம் அது. வெறுமையான பக்கமொன்றின் மூலையில் சிறிய காரொன்று. கீழே ‘சிறிதாக எண்ணுக’ எனப் பொருள்படும் இரு சொற்கள். இறுதியில் ஒரு முற்றுப்புள்ளி. தலைப்புக்களின் ஈற்றிற் புள்ளியிடாமையே பொதுவழக்காயிருக்க, அப்புள்ளி வாசகனைச் சற்றே தரிக்கச் செய்தது. கூற்று வேண்டுகோளாகவன்றி முடிந்த முடிபாக ஒலித்தது.

அடுத்த ஆண்டு வெளிவந்த விளம்பரத்தின் தலைப்பு ‘எலுமிச்சை’ என்னும் ஒரே சொல்லும் ஒரு புள்ளியும் மாத்திரமே. பழுதுள்ள வாகனத்தை அமெரிக்கர் அவ்வாறு அழைப்பர். சிறு குறையொன்றுக்காக அக்கார் விற்பனைக்கு அனுப்பப்படாது நிறுத்தப்பட்டதென்றும், தொழிற்சாலையில் 3,389 பேர் பரிசோதனைக்கெனவே பணிபுரிகின்றனர் என்றும் கீழுள்ள வாசகம் விளக்கிற்று. வியப்புக்குறி செய்யவேண்டிய பணியை ஈண்டு ஓர் எண் செய்து முடித்தமை நோக்கத்தக்கது. 1999இல் ‘அட்வர்டைசிங் ஏஜ்’ இதழ் இவ்விளம்பரத் தொடரை அந்நூற்றாண்டின் தலைசிறந்ததாகத் தெரிவு செய்தது.

ஆயினும் புள்ளியே வெற்றிக்குக் காரணமெனக் கொள்ளல் தவறு. பின்வந்தோர் பலர் தலைப்புத்தோறும் புள்ளியிட்டனர். அடக்கமும் அதனால் வெறும் பாணியாயிற்று. சொல்லுவதற்குச் செய்தி இருந்தமையாலேயே முன்னோடிகள் குறிகளைச் சுருக்க முடிந்தது.

தமிழுக்கு இவ்வரலாறு தனிப் பொருத்தமுடையது. உரோம எழுத்துக்குரிய பெரிய எழுத்து வேறுபாடு நம்மிடம் இல்லாமையால், உரத்துக் கூற விழையும் விளம்பரகாரர் வியப்புக்குறியையே அடுக்குகின்றனர். ஆனால் நமது மொழி உணர்ச்சியைச் சொல்லுக்குள்ளேயே அடக்கவல்லது. தேற்றம், வினா, பிரிநிலை முதலியவற்றை ஏகார இடைச்சொல் உணர்த்துமெனத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. ‘இதுவே’ என்றபின் மூன்று வியப்புக்குறிகள் இடுதல் அவ்வேகாரத்தின் மீது நம்பிக்கையின்மையைக் காட்டுவதாகும்.

குறிகளின் பெருக்கம் வாசகனைச் செவிடனாகக் கருதுகிறது. அடக்கமோ அவனை அறிவுடையோனாக மதிக்கிறது. வணிக விளம்பரத்துக்கு மட்டுமன்றி, நாம் வெளியிடும் துண்டுப்பிரசுரங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.