மெழுகுத் தட்டில் ஏறிய கன்செர்ட்டோ: ஃபிரிட்ஸ் கிரைஸ்லரின் ஒலிப்பதிவுகள், 1915–1936

பிராம்ஸின் வயலின் கன்செர்ட்டோ (இசைக்குழுவோடு தனி வயலின் வாசிக்கும் பெரும்படைப்பு) 1879இல் லைப்சிக்கில் அரங்கேறியபோது வாசித்தவர் யோசஃப் யோவாகிம். 1903இல், தமது 72ஆம் வயதில், அவர் ஐந்து இசைத்தட்டுப் பக்கங்களைப் பதிவு செய்தார். அவற்றில் அந்தக் கன்செர்ட்டோ இல்லை. சில நிமிடங்களே கொள்ளும் அன்றைய தட்டில் பெரிய படைப்புகளுக்கு இடம் கிடைக்கவில்லை. அவை பிறகு எவ்வாறு தட்டேறின என்பதை, வியன்னாவில் பிறந்த ஃபிரிட்ஸ் கிரைஸ்லரின் (1875–1962) பதிவுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கூம்புக் காலம்

மைக் வருவதற்கு முன், ஒலியை ஒரு கூம்பு வாங்கி ஊசிக்கு அனுப்பியது. ஊசி அதை மெழுகுத் தட்டில் கீறியது. கூம்புக்கு எட்டும் தூரத்தில் முழு இசைக்குழுவையும் அமர்த்த இயலாது. ஆகவே 1915 ஜனவரியில் கிரைஸ்லரும் எஃப்ரெம் ஜிம்பலிஸ்டும் பாஹின் இரட்டை வயலின் கன்செர்ட்டோவைப் பதிவு செய்தபோது, இசைக்குழுவின் பங்கை நால்வர் தந்தியிசைக் குழுவே ஏற்றது.

மைக்கின் வருகை

1925இல் மின் ஒலிப்பதிவு வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. 1926 டிசம்பரில் பெர்லின் அரசு ஓபரா இசைக்குழுவுடன், லியோ பிளெஹ் நடத்த, பீத்தோவன், மெண்டல்ஸோன் கன்செர்ட்டோக்களைக் கிரைஸ்லர் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு பிராம்ஸ் கன்செர்ட்டோவும் சேர்ந்தது. ஆயினும் ஒரு பக்கத்தின் அளவு ஏறத்தாழ நாலரை நிமிடங்களைத் தாண்டவில்லை. பீத்தோவனின் முதல் பகுதி மட்டுமே இருபது நிமிடங்களுக்கு மேல் நீள்வது. அதைத் துண்டு துண்டாகவே வாசிக்க வேண்டியிருந்தது. மெழுகில் வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. ஒரு சுரம் பிசகினால் அந்தப் பக்கம் முழுவதையும் மீண்டும் வாசிக்க வேண்டும். இத்தனை இடைவெளிகளிலும் அறுபடாத இசையோட்டமே இப்பதிவின் பெருமை.

சொனாட்டாக்கள்

1928இல் ரஹ்மானினோவ் பியானோ வாசிக்க, பீத்தோவன், கிரீக், ஷூபர்ட் ஆகியோரின் படைப்புகள் ஒவ்வொன்று பதிவாயின. 1935–36இல் ஃபிரான்ஸ் ரூப்புடன் பீத்தோவனின் பத்து வயலின் சொனாட்டாக்களும் லண்டனில் பதிவாகி, முன்கூட்டியே சந்தா செலுத்தியோருக்கான தொகுப்புகளாக வெளிவந்தன. தனித் துணுக்குகளை விற்றுவந்த தட்டுச் சந்தை, ஒரு படைப்பாளியின் முழுத் தொகுதிக்கும் வாசகர் போன்ற கேட்போரைக் கண்டடைந்தது.

இரு பீத்தோவன் பதிவுகள்

1936இல் லண்டனில் ஜான் பார்பிரோலி நடத்த, பீத்தோவன் கன்செர்ட்டோவைக் கிரைஸ்லர் மறுபடி பதிவு செய்தார். முதல் பகுதியில் அவர் வாசிப்பது தாமே இயற்றிய கேடென்ஸா, அதாவது இசைக்குழு ஓய தனி வயலின் மட்டும் வாசிக்கும் பகுதி. அதன் இறுதியில் இரு கருப்பொருள்கள் இரட்டைத் தந்திகளில் ஒருசேர ஒலிக்கின்றன. இரு பதிவுகளிலும் இவ்விடத்தை அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு புலப்படும். பின்னதில் இசைக்குழுவின் ஒலி நிறைவாக இருக்கிறது. முன்னதில் வில்லின் உறுதி மேலோங்குகிறது. நம் கர்நாடக இசையின் ஜாருவை நினைவூட்டும் வழுக்கலும், விரலின் இடையறாத அதிர்வும் இரண்டிலும் உண்டு. அதிர்வை அளந்து பயன்படுத்திய யோவாகிமின் தட்டுகளோடு ஒப்பிட்டால், ஒரு தலைமுறைக்குள் வயலின் வாசிப்பு எவ்வளவு மாறியது என்பது காதாலேயே தெளிவாகும்.

முடிவு

இத்தட்டுகள் வாசிப்பு மரபின் முதன்மைச் சான்றுகள். மறுவெளியீட்டில் இரைச்சலை முற்றாக நீக்க முயன்றால் வயலினின் உச்ச ஒலிகளும் சேர்ந்து போகும். சுழற்சி வேகம் பிசகினால் சுருதியே மாறிவிடும். எனவே மூலத் தட்டு எது, வேகம் என்ன, எந்த அளவு சீராக்கப்பட்டது என்பவற்றை ஒவ்வொரு மறுவெளியீடும் குறிப்பிட வேண்டும். கிரைஸ்லரை அறிய ஒரே பதிவுதான் கேட்க முடியும் என்றால், 1926ஆம் ஆண்டுப் பீத்தோவனையே கேட்க வேண்டும்.