விளையாட்டுக்குக் கட்டிய ஆன்டெனா

ஹாம் ரேடியோ பத்தி எப்போ பேச்சு எடுத்தாலும் முதல் கேள்வி ஒண்ணுதான்: "வாட்ஸ்அப் இருக்கும்போது எதுக்கு ப்ரோ இது?" நியாயமான கேள்வி. அதுக்கு வழக்கமா வர்ற பதில், "பேரிடர் நேரத்துல உதவும்" என்பது. அந்தப் பதில் தப்பில்லை, ஆனா பாதிதான். மீதிப் பாதி ஒரு போட்டியில இருக்கு. வெளியிலிருந்து பார்த்தா சுத்த வெட்டி வேலை மாதிரி தெரியுற போட்டி. இந்த எபிசோட் அதைப் பத்தினது.

வருஷா வருஷம் அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் உலகம் முழுக்க ஒரு போட்டி நடக்கும். சி.க்யூ வேர்ல்டு வைடு என்று பெயர். 1948 முதல் நடக்கிறது. நம்ம நேரப்படி சனிக்கிழமை காலை 5:30-க்கு ஆரம்பித்து திங்கள் காலை 5:30 வரை, மொத்தம் 48 மணி நேரம். முடிந்த அளவு அதிகமான நிலையங்களோடு, அதிகமான நாடுகளோடு பேச வேண்டும். பேச்சு என்றால் பெரிய பேச்சு இல்லை. இந்தியாவிலிருந்து நீங்க சொல்ல வேண்டியது "ஐம்பத்தொன்பது, இருபத்திரண்டு", அவ்வளவுதான். 59 என்றால் உன் குரல் தெளிவா, பலமா கேட்குது என்று அர்த்தம். இரைச்சல்ல ஒண்ணுமே கேட்காட்டியும் எல்லாரும் எல்லாருக்கும் 59 தான் கொடுப்பாங்க, அது ஒரு சம்பிரதாயம். 22 என்பது நம்ம மண்டல எண். அவர் தன் எண்ணைச் சொல்வார், நன்றி, அடுத்த ஆள். ஆறேழு விநாடி. இதையே ராத்திரி பகலா ஆயிரக்கணக்கான முறை.

நவம்பர் கடைசி வாரம் இதே போட்டி மோர்ஸ் தந்தியில் நடக்கும். இந்த ரெண்டு மாதங்களையும் ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

போட்டியில் நாடு என்பதற்கு அர்த்தம் கொஞ்சம் வேற. அமெரிக்க ரேடியோ சங்கம் வைத்திருக்கும் பட்டியலில் 340 'நாடுகள்' இருக்கின்றன. ஐ.நா.வில் இருப்பதைவிட ரொம்ப அதிகம், ஏன்னா தூரத்துத் தீவுகளையும் தனி நாடா எண்ணுவாங்க. அந்தக் கணக்குல இந்தியா மூணு நாடு: பெருநிலம், லட்சத்தீவு, அந்தமான்-நிக்கோபார். இதில் அந்தமானோடு பேசிவிட்டோம் என்று சொல்ல முடியாமல் உலகம் முழுக்க ஹாம்கள் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். 1987-க்குப் பிறகு அங்கிருந்து ஒலிபரப்ப யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. எல்லைத் தீவு, கடற்படை, பாதுகாப்பு: காரணம் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆன்டெனாவைப் பார்த்து அரசாங்கம் பயப்படுவது நம் நாட்டில் பழைய கதை. சென்னையில் 1924 மே 16-இல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முன்நின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அதே வருஷம் ஜூலை 31-இல் 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பும் ஆரம்பம். 40 வாட் என்பது ஒரு பழைய குண்டு பல்பு அளவு. அரசு வானொலி என்ற ஒன்று வருவதற்கு முன்னால் சென்னைக்காரர்களுக்கு வீட்டில் பாட்டு கேட்க வைத்தவர்கள் இந்த அமெச்சூர்கள்தான். 1927-இல் காசு தீர்ந்துபோய் கிளப் நின்றது. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16-இல் ஆல் இந்தியா ரேடியோ சென்னைக்கு வரும் வரை அது ஓடியது. அடுத்த வருஷமே உலகப் போர். 1939 செப்டம்பரில் பிரிட்டிஷ் இந்தியாவின் ஹாம் உரிமங்கள் எல்லாம் ரத்து, கருவிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. சுதந்திரத்துக்கு அப்புறம் உரிமம் கிடைத்தது, சந்தேகம் மட்டும் முழுசா போகவில்லை. ராஜீவ் காந்தியே வி.யு.2.ஆர்.ஜி. என்ற அழைப்புக்குறி வைத்திருந்த ஹாம்தான். அப்படியிருந்தும் அந்தமான் பூட்டியே கிடந்தது.

அந்தப் பூட்டைத் திறந்தவர் பாரதி பிரசாத். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்தவர். விடாமல் முயற்சி செய்து, 2004 டிசம்பரில் ஒரு குழுவோடு போர்ட் பிளேர் போய் இறங்கினார். ஹோட்டலில் நிலையம், மேலே ஆன்டெனாக்கள், வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற புது அழைப்புக்குறி. நோக்கம் முழுக்க முழுக்க விளையாட்டு: உலகத்துக்கு ஒரு அபூர்வ 'நாட்டை' கொடுப்பது. பட்டனை அழுத்தி "கேட்கிறேன்" என்று சொன்ன உடனே நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். இதை 'பைல்-அப்' என்பார்கள். திருச்செந்தூர்ல சூரசம்ஹாரக் கூட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டு, தூரத்துல ஒருத்தர் சொல்ற ஆறு எழுத்தை மட்டும் தப்பில்லாம எழுதணும். அதுதான் வேலை. சில வாரங்களில் சுமார் 35,000 தொடர்புகளைப் பதிவு செய்தார்கள்.

டிசம்பர் 26 காலை 6:28-க்கு நிலம் ஆடியது.

அந்தமானில் மின்சாரம் போனது, தொலைபேசி போனது. சுமத்ராவிலிருந்து வடக்கே நீண்ட அந்தப் பிளவு நிக்கோபார் தீவுகளை ஒட்டியே ஓடியதால் அலை வர நேரமே எடுக்கவில்லை. வெளியே ஓடி வந்த பாரதி பிரசாத், ஆட்டம் அடங்கிய பிறகு நிலையத்தைத் திரும்ப அமைத்து ஒலிபரப்பை ஆரம்பித்தார். அந்த நிமிஷத்திலிருந்து 59 எல்லாம் இல்லை. பெயர்கள், இடங்கள், என்ன தேவை என்ற தகவல்கள். சுற்றுலா போனவர்களின் வீடுகளுக்கு "பத்திரமா இருக்காங்க" என்ற ஒரு வரி. நிவாரணப் பணியில் இருந்த நிர்வாகத்துக்கும் அந்தக் குழு செய்தி கடத்தியது. பெருநிலத்தில் காது கொடுத்துக் காத்திருந்த ஹாம்கள் அதை வாங்கி தொலைபேசியில் சேர்த்தார்கள். சில நாட்களில் கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் போட்டார்கள். இலங்கையிலும் இதே கதைதான்: அம்பாந்தோட்டைக்குப் போன ஹாம் குழு கார் பேட்டரியை வைத்துக் கொழும்போடு பேசியது.

இதை வழக்கமா "பொழுதுபோக்கு சேவையா மாறிய தருணம்" என்று எழுதுவாங்க. எனக்கு அந்த வாக்கியம் பிடிக்காது. அங்கே எதுவும் மாறல என்பதுதான் விஷயம். அதே ஆன்டெனா, அதே ஆள், அதே திறமை. நிலநடுக்கம் வரும் என்று யாரும் ஆன்டெனா கட்டவில்லை, விளையாட்டுக்காகக் கட்டினது அங்கே நின்னுக்கிட்டிருந்தது. ஆயிரம் குரல்ல ஒரு பெயரைச் சரியா பிடிக்கிற காது, 35,000 தடவை பழகின காது. "எதுக்கு இந்த வெட்டி வேலை" என்று 17 வருஷம் மாதிரியே இன்னும் ஒரு மாசம் அனுமதி தராமல் இழுத்திருந்தால், அன்னைக்கு அந்தத் தீவில் அந்தக் கம்பி இருந்திருக்காது.

நான் சாஃப்ட்வேர் ஆள். பேக்கப் எடுத்து வெச்சிருக்கோம் என்று நிம்மதியா இருப்போம். அதை ஒரு தடவைகூட ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத டீம்கள்தான் அதிகம். அலமாரியில் பூட்டி வைத்த அவசரகால வயர்லெஸ் பெட்டிக்கும் அதே கதிதான்: தேவைப்படும் நாளில் பேட்டரி செத்திருக்கும், கனெக்டர் பச்சை பூத்திருக்கும், இயக்கத் தெரிந்தவர் மாற்றலாகிப் போயிருப்பார். போட்டி என்பது வருஷத்துக்கு ரெண்டு தடவை 48 மணி நேரம் நடக்கிற ரீஸ்டோர் டெஸ்ட்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையைத் தாண்டி நெல்லை ஜங்ஷனுக்குள்ளேயே ஓடியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு சுற்றிலும் வெள்ளத்துக்கு நடுவே நின்றது. எங்க பெரியம்மா ஏரல்ல இருக்காங்க. ரெண்டு நாள் "நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது" என்ற குரலை மட்டும்தான் கேட்டேன். டவருக்கு மின்சாரம் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக ரோடு இல்லை. பெரியம்மா மச்சு வீட்டுக்காரங்க மாடியில பத்திரமாதான் இருந்தாங்க. அது எனக்கு மூணாவது நாள்தான் தெரியும்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வயர்லெஸ் என்றால் ஒரு சிக்கல் உண்டு. வாக்கி-டாக்கி வகை அலைகள் நேர்கோட்டில் போகும். பாபநாசத்துக்கு மேல, மாஞ்சோலை, களக்காடு எல்லாம் மலை மறைப்பு. இதற்கு ஹாம்கள் வைத்திருக்கும் வழி விசித்திரமானது: ஆன்டெனாவைத் தாழ்த்திக் கட்டுவது. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் செம்புக் கம்பி போதும், நடுவில் வெட்டி ரெண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர். இதை உயரமான கம்பத்தில் கட்டினால் அலை அடிவானத்தை நோக்கிச் சாய்ந்து போகும், வெளிநாடு பிடிக்கலாம். ஒரு மாடி உயரத்தில் கட்டினால் அலை நேராக மேலே போகும். சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரிச்ச மாதிரி கீழே இறங்கும். பகலில் முன்னூறு நானூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் மலை, பள்ளம் எதுவும் தடையில்லை. போட்டிக்காரர்கள் இந்தத் தாழ்ந்த ஆன்டெனாவைக் கிண்டல் செய்வார்கள், மேகத்துக்கு வெந்நீர் போடுற கம்பி என்று. ஏரலுக்கும் நெல்லைக்கும் நடுவில் அன்னைக்குத் தேவைப்பட்டது அந்தக் கம்பிதான்.

நம்ம வானமும் தனி ரகம். பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போகிறது. அதனாலதான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. (சிற்பம் பார்க்க கிருஷ்ணாபுரம் கோவிலுக்குப் போறவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?) பொழுது சாய்ந்ததும் சில நாட்கள் அயனி மண்டலம் கொதிக்கிற பால் மாதிரி ஆகிவிடும், ரேடியோவில் வரும் குரல் தண்ணிக்குள்ளிருந்து பேசுவது போல நடுங்கும்.

மாடியில கம்பி கட்டுறது இந்தப் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. இலங்கை வானொலி தெளிவா கேட்க ஏரியல் கட்டின ஊர், ரூபவாஹினி பார்க்க நெட்டைக் குழாய் நட்ட ஊர் இது. ஆனா கட்டுவதைவிட அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து எதையும் விட்டுவைக்காது. தென்னை மரத்தில் கம்பியை இறுக்கிக் கட்டினால் முதல் காத்துக்கே மரம் ஆடி அறுத்துவிடும். எனக்குக் கத்துக்கொடுத்த அண்ணாச்சி ஒருவர் மரத்தில் கப்பி மாட்டி, கயிற்றின் மறுமுனையில் மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாவைத் தொங்கவிட்டிருந்தார். மரம் ஆடினால் டப்பா ஏறி இறங்கும், கம்பிக்கு ஒண்ணும் ஆகாது. கம்பி வெட்டுவதற்கும் அவரிடம் ஒரு விதி உண்டு: "ரெண்டு அடி கூட்டி வெட்டுல. பெறவு கொஞ்சங்கொஞ்சமா குறைச்சுக்கலாம். குறைச்சு வெட்டிட்டு ஒட்டுப்போட்டேன்னா, ஒவ்வொரு மழைக்கும் அந்த ஒட்டு உன்னைக் கூப்பிடும்."

உண்மையில் ஆன்டெனாவைக் கொல்வது காத்து இல்லை, தண்ணி. கேபிள் ஆன்டெனாவில் சேரும் இடத்தில் மழைநீர் இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புப் பின்னல் கறுத்துப்போகும். வெளியே பார்த்தால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில்தான் தெரியும், நீங்க அனுப்புற சக்தி ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வருகிறது என்று. தன்னாலே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றணும், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு வளைவு விடணும், தண்ணி அங்கேயே சொட்டிப் போகும். இடி இடித்தால் கேபிளைக் கழற்றி வைக்கணும். ஐப்பசியில் இது தினசரி வேலை.

இந்த வேலையையெல்லாம் எப்போ செய்வோம்? அக்டோபர் போட்டிக்கு முன்னால, அதாவது புரட்டாசியில. நவம்பர் போட்டிக்கு முன்னால இன்னொரு முறை பார்ப்போம். தாமிரபரணி ஊரை மூழ்கடித்த மாதங்கள் எவை? 1992-இல் நவம்பர், 2023-இல் டிசம்பர். போட்டிக் காலண்டரை எழுதினவங்களுக்கு வடகிழக்குப் பருவமழை என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. ஆனா வெள்ளம் வரும் மாதத்தில் புதுசா சரிபார்த்த ஆன்டெனா ஊருக்குள் இருக்கும்படி அது தானா அமைந்துவிட்டது.

ஊருக்குள் இருக்கும் என்றேன். இருக்கணும் என்றால் உரிமம் வாங்கின ஆள் வேணும். 12 வயது ஆனால் தேர்வு எழுதலாம். அடிப்படை நிலைக்கு மோர்ஸ்கூடத் தேவையில்லை, கொஞ்சம் மின்னணுவியலும் விதிமுறைகளும் போதும். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு முதல் வருஷப் பாடம். அதுக்கு முன்னாடி சும்மா கேட்டுப் பார்க்கணும்னா, அக்டோபர் போட்டி நடக்கிற சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சிற்றலை ரேடியோவை 14.150-இலிருந்து 14.350 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவா திருப்புங்க, ரேடியோவில் எஸ்.எஸ்.பி. பட்டன் இருக்கணும். மொழி புரியாத அந்தக் கூச்சலுக்கு நடுவுல யாராவது ஒருத்தர் "இருபத்திரண்டு" என்று இங்கிலீஷ்ல சொன்னா, அது நம்ம மண்டலத்து ஆள்.