கதை முடிந்த பிறகு

சென்ற ஆண்டு நெம்மேலியில், என் அத்தை வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு நடந்தது. வாதி அத்தை; எண்பதைக் கடந்தவர். பிரதிவாதி அவருடைய பேத்தி. நீதிபதி அடியேன்.

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாக வந்ததல்லவா? அதைப் பேத்தி கைப்பேசியில் பார்த்தாள். பிறகுதான் நாவலைப் படித்தாள். படத்தில் மணிமேகலையே இல்லை என்று கண்டதும் அவளுக்குக் கோபம். மணிமேகலை சாகாமல் பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தானே ஒரு கதை எழுதத் தொடங்கிவிட்டாள்.

"கல்கி எழுதினதை மாத்த நீ யாருடி?" என்றார் அத்தை.

"மாமா, நீங்களே சொல்லுங்க!" என்றாள் அவள்.

அத்தையின் கட்சியிலும் நியாயம் உண்டு. 1950 அக்டோபர் முதல் 1954 வரை 'கல்கி' இதழில் அந்தக் கதை வாராவாரம் வந்தது. ஒருவர் உரக்கப் படிக்க, வீடே கேட்குமாம். மணியத்தின் சித்திரங்களே அவர்கள் கண்ட முகங்கள். அடுத்த இதழ் வரும்வரை ஊகித்துக்கொண்டே இருக்கலாம். அந்தக் காத்திருப்பில் பிறந்த கேள்வி ஒன்றுதான்: "அப்புறம்?" கதை முடிந்த பின்னும் அது ஓயவில்லை. பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று கல்கியே முடிவுரையில் பதில் சொல்ல நேர்ந்தது. அதுவும் போதவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பின்னாளில் அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார்.

இன்று காத்திருப்பு இல்லை. ஒரே நாளில் படம் முழுவதையும் பார்த்துவிடலாம். பிடித்த காட்சியைப் பத்து முறை திருப்பிப் போடலாம். குந்தவை என்றால் திரிஷாவின் முகம், வந்தியத்தேவன் என்றால் கார்த்தியின் முகம். ஆகவே கேள்வியும் மாறிவிட்டது. "அப்புறம்?" போய், "இது ஏன் இல்லை?" வந்துவிட்டது. முந்தியவர்கள் கதையை நீட்டினார்கள். இவர்கள் விட்டுப்போனதை மீட்கிறார்கள்.

நான் தீர்ப்புச் சொன்னேன்: "அத்தை, உடையார்குடிக் கல்வெட்டில் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன் முதலியோரின் பெயர்கள் இருக்கின்றன. நந்தினியின் பெயர் அதில் இல்லை. கல் விட்ட இடத்தைக் கல்கி நிரப்பினார். படம் விட்ட இடத்தை இவள் நிரப்பட்டுமே!"

அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு பேத்தியிடம், "எனக்கு எழுத்துத் தெரியலை, உரக்கப் படி" என்றார்.