விளையாட்டுச் செருகட்டைகளும் தொகை மரபும்

நூலாராய்ச்சியில் இடைச்செருகல் என்பது கண்டு களையப்படுவது. ஆண்டு மூலத்துக்கே மதிப்பு, செருகலுக்கு மதிப்பில்லை. வணிகப் பண்டங்களோடு வைத்து விற்கப்பட்ட விளையாட்டு வீரர் பட அட்டைகளின் வரலாற்றிலோ இந்நிலை தலைகீழாக உள்ளது. புகைத்த சிகரெட்டும் மென்ற பபிள்கம்மும் மறைந்தன. உறையுள் செருகப்பட்ட அட்டைகளே எஞ்சின. அவற்றை ஈண்டுச் செருகட்டை எனக் குறிப்போம். அவை பிற நாடுகளில் நிலைபெற்றது எவ்வாறு, தமிழ்நாட்டில் அழிந்துவருவது எதனால் என்னும் இரண்டுமே இக்கட்டுரையில் ஆராயப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிகரெட்டுகள் மெல்லிய தாளுறைகளில் விற்பனையாயின. உறை நசுங்காதிருத்தற்பொருட்டு உள்ளே கெட்டி அட்டையொன்று வைக்கப்பட்டது. அவ்வட்டையில் படம் அச்சிடின் விளம்பரமும் ஆகும் என்பதை வணிகர் கண்டனர். அமெரிக்காவில் ஆலன் அண்டு கிண்டர் நிறுவனம் 1880களில் விளையாட்டு வீரர் படங்களை வெளியிட்டது. இங்கிலாந்தில் வில்ஸ் நிறுவனம் 1896ஆம் ஆண்டில் கிரிக்கெட் வீரர் ஐம்பதின்மர் படங்களை ஒரு வரிசையாக அளித்தது. போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டால் 1940இல் அந்நாட்டில் இவ்வழக்கம் நின்றது. அமெரிக்காவிலோ 1930களிலேயே சிகரெட்டின் இடத்தைப் பபிள்கம் பெற்றிருந்தது.

இவ்வட்டைகளுள் பலவற்றின் பின்புறத்தே வரிசையெண் காணப்படும். இவ்வெண்ணே தனி அட்டைகளைத் தொகையாக்குவது. எண்ணுள்ள தொகையிலேதான் இழப்பும் புலனாகும். ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய பாடல்கள் கிடைத்தில என்று நாம் துணிந்து கூறுதற்கும், பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை என்று அறிதற்கும் தொகுத்தோர் வகுத்த வரையறையே காரணம். அங்ஙனம் வரையறுத்திராவிடின் இழந்தோம் என்பதையும் அறியோம். காலத்தால் நேர்ந்த இழப்பு இது. வணிகர் வேண்டுமென்றே செய்த இழப்பும் உண்டு. அமெரிக்காவில் கௌடி நிறுவனம் 1933இல் வெளியிட்ட பேஸ்பால் வரிசையில் 106ஆம் எண் அட்டை வெளியிடப்படவில்லை. அதனைத் தேடிச் சிறுவர் மேலும் மேலும் பபிள்கம் வாங்கினர். முறையிட்டு எழுதியோர்க்கு மட்டும் 1934இல் அவ்வெண்ணுள்ள அட்டை அச்சிட்டு அனுப்பப்பட்டது.

இன்று சேகரிப்போரிடையே செருகட்டை என்னும் பொருள் சுருங்கியுள்ளது. இக்காலத்தில் அட்டையே விற்பனைப் பண்டமாகிவிட்டமையின், பொது வரிசையில் சேராது அரிதாக இடையே வைக்கப்படும் சிறப்பட்டையையே அவர்கள் அங்ஙனம் வழங்குவர். அப்பர் டெக் நிறுவனம் 1990இல் ரெஜி ஜாக்சன் என்னும் வீரர் தம் கையால் ஒப்பமிட்ட 2,500 அட்டைகளைப் பொதிகளிடையே கலந்து வைத்தது இவ்வகைக்குப் பெயர்பெற்ற சான்று. ஈண்டு அருமை காலத்தால் விளைந்தது அன்று, அச்சிடும்போதே அமைக்கப்பட்டது. பழைய அட்டைகளின் அருமையோ, எறியப்பட்டன போக எஞ்சியமையால் வந்தது. இவ்விரண்டனையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

எஞ்சியவற்றை ஒழுங்குபடுத்தியவர் ஜெபர்சன் பர்டிக் என்பவர். இவர் பேராசிரியர் அல்லர், சிராகியூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலையொன்றில் உழைத்தவர், மூட்டுவாதத்தால் வருந்தியவர். 1939இல் அட்டைகளுக்கு முதன்முதல் விரிவான அட்டவணை ஒன்றை வெளியிட்டார். பின்னர்த் திருத்தி வெளியிட்ட பதிப்புகளில் இவர் தந்த குறியீடுகளே இன்றும் வழங்குகின்றன. பெருவிலை பெறும் 'டி 206' வரிசைக்கு அப்பெயர் இவர் இட்டதே. தாம் சேர்த்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட அச்சுப்பொருள்களை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்து, அவற்றை ஏடுகளில் ஒட்டும் பணியை 1963 ஜனவரியில் முடித்தார். அவ்வாண்டு மார்ச்சில் மறைந்தார்.

நம் நாட்டில் இவரொடு ஒப்புநோக்கத்தக்கவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த அவர், நூல்களோடு துண்டறிக்கை, அழைப்பிதழ் முதலியவற்றையும் பேணினார். அவர் 1992இல் மறைந்த பின்னர், அத்தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. பிறர் குப்பையெனத் தள்ளியவை வரலாற்றுச் சான்றாயின.

தமிழ்நாட்டிலும் செருகட்டைகள் வழங்கின. 1980களின் பிற்பகுதியில் 'பிக் ஃபன்' பபிள்கம்மோடு கிரிக்கெட் வீரர் அட்டைகள் வந்தன. 1987 அக்டோபர் 9ஆம் நாள் சேப்பாக்கத்தில் இந்தியா ஒரே ஓட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற உலகக்கோப்பைக் காலம் அது. அட்டையின் பின்புறத்தே ஓட்டமும் விக்கெட்டும் குறிக்கப்பட்டிருக்கும். குறித்த அளவு சேர்த்துக் கொடுத்தால் பரிசு கிட்டும். இம்முறையே அழிவுக்கும் ஒரு காரணமாயிற்று எனக் கருதலாம். வரிசையை நிறைவு செய்ய முயன்ற பிறநாட்டுச் சிறுவன் அட்டையைக் காத்தான்; பரிசு நாடிய நம் சிறுவன் அட்டையைக் கொடுத்துவிட்டான்.

யாம் செய்த பிழையொன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ள பிள்ளைப்பாக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர், ஆலைத் தொழிலாளியாகிய தம் தந்தையார் இளமையில் சேர்த்த அட்டைகளைத் தகரப் பெட்டியொன்றில் கொணர்ந்து, ஆய்வுக்கு ஆகுமா என வினவினார். இலக்கியத் துறைக்கு இவை வேண்டா என்று யாம் திறவாமலே திருப்பியனுப்பினோம். ஈராண்டு கழித்து யாமே வினவியபோது, வாடகை வீடு மாறுகையில் பழந்தாள் வணிகரிடம் சென்றுவிட்டது என்றார். எத்தனை அட்டைகள் இருந்தன என்பதுதானும் இப்போது அறியக்கூடவில்லை.

எண் அறியாத இழப்பே முழு இழப்பு. ஆதலின் முதற்கண் வேண்டுவது அட்டவணை. எவ்வட்டை, எப்பண்டத்தோடு வந்தது, முன்னும் பின்னும் யாது அச்சிடப்பட்டது என்னும் குறிப்புகளை, சேர்த்தோர் நினைவுள்ளபோதே மாணவர் தத்தம் ஊர்களில் திரட்டல் வேண்டும். தொகுத்தான் பெயரையும் தொகுப்பித்தான் பெயரையும் போற்றிய மரபினர்க்கு இப்பணி புதிதன்று.