தண்டும் வடமும்

ராயபுரத்து முதியோர் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பஞ்சக் காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் நினைவு இருநூறு ஆண்டு கடந்தும் அவர்கள் நாவில் வாழ்கிறது. பெயர்களை இப்படி விடாமல் பிடித்துவைக்கும் வடசென்னையில், பிள்ளைக்கு இரவெல்லாம் முதுகு வலித்து, நடையில் கால் பின்னி, ஸ்கேன் எடுத்துப் பார்த்தபின் பெற்றோர் காதில் விழும் பெயர் ‘முதுகுத்தண்டுக் கட்டி’. அரிய நோய்தான். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் இரண்டு உறுப்புகள் கலந்து கிடக்கின்றன, சொல்லன்பரே. அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

தண்டு என்பது நிமிர்ந்து நின்று தாங்குவது. வாழைத்தண்டும் கீரைத்தண்டுமாக அடுக்களையில் புழங்கும் இச்சொல்லை வடமொழித் தண்டத்தோடு உறவுபடுத்துவோர் உண்டு; எப்படியாயினும் அந்த ‘ண்ட்’ ஒலியின் திண்மை தமிழ்க் காதுக்குச் சொந்தமானது. ஈழத் தமிழர் முள்ளோடு அம் சாரியை சேர்த்து முள்ளந்தண்டு என்பர். குனிந்த குழந்தையின் முதுகை வருடினால் வரிசையாக விரலை இடறும் எலும்புகளுக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் எனக்குத் தெரியவில்லை. ஆக, தண்டு எலும்பு.

வடம் அதற்குள் ஓடுவது. தண்டின்கண் உள்ள வடம் தண்டுவடம். ஏழாம் வேற்றுமைத் தொகை. வடம் வெறுங்கயிறன்று, பல புரிகள் முறுகி ஒன்றான பருங்கயிறு: திருவொற்றியூர்த் தேரை இழுப்பது வடம், கப்பலைக் கரையோடு பிணைப்பது வடம், கழுத்தில் இரட்டையாகத் தொங்கும் சங்கிலியின் ஒவ்வொரு சரமும் வடம். எண்ணற்ற நரம்பிழைகள் ஒன்றாய்த் திரண்டு மூளையிலிருந்து இறங்கும் உறுப்புக்கு இப்பெயரிட்டவர் யாரோ, கைகூப்பத் தோன்றுகிறது. வளர்ந்தவர் உடலில் தண்டு முடியுமுன்னரே, இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் அளவிலேயே வடம் முடிந்துவிடுகிறது.

ஈழத்தார் இதே வடத்தை முண்ணாண் என்பர். முள்ளும் நாணும் புணர்ந்த வடிவம். நாணின் மூத்த உரு ஞாண். அரைஞாண் என்ற அது பேச்சில் அரணாக்கயிறாகத் தேய்ந்து, இன்றும் குழந்தையின் இடுப்பில் கிடக்கிறது. கருவில் முதுகெலும்பு தோன்றுமுன் அதன் இடத்தில் ஓடும் மெல்லிய கோலுக்கு முதுகுநாண் என்று பெயர். அதன் எச்சத்திலிருந்து கிளைக்கும் அரிய புற்றுக்கட்டிதான் கோர்டோமா. கிரேக்கத்தில் யாழ் நரம்பைக் குறித்த சொல்லின் வழி வந்த பெயர். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வருவது, இளையோரிடம் இன்னும் அரிது. ‘முதுகுநாண் கட்டி’ என்றால் தமிழில் அதன் பிறப்பும் சேர்ந்தே விளங்கிவிடும்.

இந்தப் பிரிப்பு அறுவை அறையில் பெரிதாகிறது. கோர்டோமா எலும்பில் எழுவது. உடையாமல், சுற்றியுள்ள எலும்போடு முழுதாக எடுக்கப் பார்ப்பார்கள், சிதறினால் மீண்டும் முளைக்கும். மிச்சத்துக்குப் புரோட்டான் கதிர் உண்டு. 2019 முதல் சென்னைத் தரமணியிலேயே கிடைக்கிறது. எபெண்டிமோமா போன்ற கட்டிகள் வடத்துக்குள்ளேயே வளர்வன. அங்கே எலும்பையும் வடத்தின் உறையையும் திறந்து, நுண்ணோக்கியின்கீழ் வடத்தின் நடுக்கோட்டைப் பிளந்து, கைகால் நரம்புகளின் மின்குறிகளைக் கவனித்தபடியே கட்டியைப் பிரிக்க வேண்டும். வளரும் பிள்ளைக்குத் திறந்த எலும்பை எடுத்தெறிந்துவிட்டால் பின்னாளில் கூன் விழக்கூடும். எனவே இயன்றவரை அதைத் திரும்பப் பொருத்துகிறார்கள்.

இரண்டும் வேறு அறுவை, வேறு இடர். ஆகவே மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்குமுன், கட்டி எலும்பில் என்றால் ‘தண்டில்’ என்றும், நரம்பில் என்றால் ‘வடத்தில்’ என்றும் பெற்றோரிடம் பிரித்துச் சொல்லுங்கள்.