ஒரு செபமும் ஒரு காசும்

1843-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு நான்சி ஆயர் ஃபோர்பின்-ஜான்சன், சீனத்து ஏழைக் குழந்தைகளுக்காகத் தம் நாட்டுச் சிறுவரிடம் நாளொரு மங்கள வார்த்தை செபமும் திங்களொரு காசும் கேட்டார். அவ்வாறு பிறந்ததே திருப்பாலர் சபை. 1922-இல் பதினோராம் பத்திநாதர் அதனைத் திருத்தந்தையின் சபையாக உயர்த்தினார். முகமறியாக் குழந்தையைத் தாங்கும் இன்றைய உதவித் திட்டங்களுக்கு அதுவும் ஒரு முன்னோடி.

இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ச் சிற்றூர்களில் மழை பொய்த்தால், கூலிக் குடும்பத்தில் முதலில் ஆட்டம் காண்பது பிள்ளையின் படிப்பே. இளமையிலேயே பள்ளியை விட்ட விருதுநகர்க் காமராசர், முதல்வராகி 1956-இல் மதிய உணவு தந்தார். உணவு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்தது. சீருடையும் நோட்டும் கட்டணமும் தரும் உதவி அங்கே நிலைக்கச் செய்கிறது. வீட்டில் கடன் ஒன்று குறைகிறது.

ஆனால் பெற்றோரை மறந்து பிள்ளையை மட்டும் காணும் ஈகை, தந்தையைத் தலைகுனிய வைக்கும். ஆயர் காசுக்கு முன் செபத்தைக் கேட்டார். காசு கொடுப்பவனை உயர்த்திவிடலாம். செபமோ இருவரையும் ஒரே தந்தையின்முன் நிறுத்தும்.